ஸ்டோர் மாடியில் காய்ந்த துணிகள்

துவைத்த துணி நாறுமா என்று கேட்கிறவர்கள் எங்கள் பக்கத்து மழையைப் பார்க்காதவர்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் பண்டாரவளைக்கு மேலே இருக்கிற மலைகளுக்கு முகமே இருக்காது. மழை விட்டால் மூடுபனி, மூடுபனி விலகினால் மறுபடி மழை. தை பிறக்கும் வரைக்கும் இதுதான். அந்த மாதங்களில் துணி துவைப்பது பெரிய வேலை இல்லை. துவைத்து முடித்த பிறகுதான் வேலையே.

அப்போது நான் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்தேன். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார், காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓடும்போது கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப் போகிற அறை அது. உத்திரத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும். ஏணைக்குச் சேலைத் துணி, பிள்ளைக்கு இடுப்புத் துணி, வாய் துடைக்கிற துணி, எல்லாமே தோட்டம் கொடுத்தது. யாரும் மறந்தும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடாமல் இருக்க, ஒவ்வொரு துணியின் மூலையிலும் சிவப்பு நூலில் ஒரு பெருக்கல் குறி தைத்து வைத்திருந்தேன். எழுத்து எனக்கு அப்போது அவ்வளவாக வராது. அந்தக் குறி நன்றாக வரும்.

அந்த வேலை எனக்குச் சும்மா கிடைத்ததில்லை. தோட்டத்து மருந்துச்சாலையைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் டாக்டர் ஐயா என்போம். அவர் ஒருநாள் காய்ச்சல்காரர்களைப் பார்க்க எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தபோது நான் குடியிருந்த காம்பராவை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பள வீட்டுல ஈ ஒக்கார எடம் தேடுமே" என்று சொன்னார். பிறகு தோட்டத்தை நடத்துகிற துரையிடம் பேசி என்னை அங்கே போட்டார். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. நடந்ததுதானே.

ஆயா வேலைக்கு வந்த முதல் வெயில் காலம் நல்லபடியாகப் போனது. மழைக்காலம் வந்ததும்தான் சனியன் பிடித்தது.

துணி பார்க்க வெள்ளையாக இருக்கும். கையில் எடுத்து முகர்ந்தாலும் ஒன்றும் தெரியாது. பிள்ளையின் இடுப்பில் கட்டி, பிள்ளையின் உடம்புச் சூடு அதில் ஏறினதும் ஒரு நாற்றம் கிளம்பும். மூத்திர நாற்றம் இல்லை, அழுக்கு நாற்றமும் இல்லை. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது. இருக்கிற இடம் தெரியாமல் இருந்து சூடு கண்டதும் வாய் திறக்கிறதால் நான் அதற்கு ஊமை வாடை என்று பேர் வைத்தேன். பாலூட்ட வருகிற தாய்மார் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அவர்கள் சேலையே அப்படித்தான் நாறும். டாக்டர் ஐயாவுக்கு மூக்கு நல்ல மூக்கு.

அவர் ஒரு பிள்ளையைத் தூக்கினார். முகத்தைச் சுளித்தார். பிள்ளையின் இடுப்பைப் பிரித்துப் பார்த்தார், அங்கே தோல் சிவந்து போயிருந்தது.

"துணிய தொவைக்கிறியா, இல்ல தண்ணிய காட்டிட்டு எடுக்கிறியா?"

"தொவைக்கிறேங்க ஐயா. ஆஸ்பத்திரி சவுக்காரம் போட்டு, கல்லுல அடிச்சுத்தான் தொவைக்கிறேன்."

"அப்ப இது என்ன? இந்தா பாரு, நான் சொல்லித்தான் ஒன்னய இங்க போட்டாங்க. அடுத்த தடவ நான் வர்றப்பவும் இப்படி இருந்தா, நானே வேற ஆளப் போடச் சொல்ல வேண்டி வரும். என்னய அந்த நெலமைக்குக் கொண்டுவராத."

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. துவைக்கத் தெரியாதவள் என்று என்னை அதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை. மலைக்குத் திரும்பிப் போய்க் கூடை மாட்டுவதுகூடப் பெரிதில்லை. அழுக்குத் துணி வைத்திருந்ததற்காக இறக்கிவிட்டார்கள் என்று லயம் முழுக்கப் பேசுமே, அதை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துத் துணியை அவித்தேன். அடுப்புச் சாம்பலைக் கரைத்துத் தெளியவிட்டு அந்தத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கடைசி அலசலில் எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தேன். லயத்துக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியிலிருந்து எடுத்து வரும்போது துணி பூ மாதிரி இருக்கும். கொடியில் போட்டால் ஒருநாள் ஈரம், மறுநாளும் ஈரம், அதற்கடுத்த நாள் மறுபடி அதே வாடை. அடுப்புக்கு மேலே காயப்போட்டால் ஈரம் போகும், ஆனால் புகை ஏறிக்கொள்ளும். பிள்ளைகள் கருவாட்டுப் பொட்டலம் மாதிரி மணப்பார்கள்.

பண்டாரவளைக்குப் போய் முஸ்லிம் நானா கடையில் கேட்டேன். அவர் சலவைச் சோடாவைக் கட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "இதுல அழுக்குப் போகும் தங்கச்சி, நீங்க சொல்ற வாடை போகாது. அதுக்கு வெயிலு வேணும். என் கடையில இல்லாத ஒரே சாமான் அதுதான்."

அவர் விளையாட்டாகச் சொன்னது எனக்கு விளங்கிவிட்டது. அழுக்கு போகாததால் வருகிற நாற்றம் இல்லை இது. காய நேரம் எடுக்கிறதால் வருகிறது. துணி சீக்கிரம் காய்ந்தால் நாற்றத்துக்கு வேலை இல்லை. ஆனால் எங்கே காயவைப்பது?

அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரர் கேட்டார், "என்ன, மூஞ்சி இப்படி கெடக்கு?"

அவர் தேயிலை ஸ்டோரில் மேல்மாடி ஆள். ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலை அரைக்கிற கட்டடத்தை. மலையிலிருந்து வருகிற பச்சைக் கொழுந்தை அதன் மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுவார்கள். மழை நாட்களில் கொழுந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரும் என்பதால், கீழே எரிகிற அடுப்பின் சூட்டை விசிறி வைத்து மேலே ஏற்றுவார்கள். வெளியே மலையே நனைந்து கிடக்கும்போது அந்த மாடி மட்டும் சித்திரை மாதம் மாதிரி இருக்கும்.

அவர் வாய் பேசுகிற மனுசன் இல்லை. நாங்கள் கல்யாணம் கட்டி அத்தனை வருசத்தில், என் வேலையைப் பற்றி அவராக ஒரு வார்த்தை கேட்டது அன்றுதான். அதனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா? மழையில கொழுந்து கொறஞ்சு போச்சு. மூலையில தட்டு சும்மாதான் கெடக்கு. துணிய என்கிட்ட குடு, ராவுல விரிச்சிட்டு விடியக்குள்ள எடுத்தாந்துர்றேன்."

"ஸ்டோருல துணி காயப்போடலாமா? பூ வெச்சிக்கிட்டு வரக்கூடாது, தலைக்கு வாசன எண்ணெய் வெக்கக்கூடாதுன்னு டீமேக்கர் ஐயா வெரட்டுவாருன்னு நீங்கதானே சொல்லுவீங்க. தேயில வாடை புடிச்சிக்காதா?"

"அட, நீ ஒருத்தி. பூவுக்கு வாடை இருக்கு. கருவாட்டுக்கு வாடை இருக்கு. தொவச்ச துணிக்கு ஏது புள்ள வாடை?"

துவைத்த துணியின் வாடையைப் பற்றித்தான் அதுவரை அழுதுகொண்டிருந்தேன். ஆனாலும் அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. அவர் ஸ்டோர்க்காரர், எனக்கு ஸ்டோரைப் பற்றி என்ன தெரியும்?

சாயந்திரம் வேலைக்குப் போகும்போது துணி மூட்டையைக் கம்பளிக்குள் வைத்து எடுத்துப் போவார். காலையில் கொண்டுவந்து என் மடியில் போடுவார். மொறமொறவென்று இருக்கும். சூடு ஆறாமல் இருக்கும். முகத்தை அதற்குள் புதைத்தால் வாடிய கொழுந்தின் மணம் லேசாக வரும். பிள்ளையின் இடுப்பில் கட்டிப் பார்த்தேன், சூடு ஏறும் வரைக்கும் காத்திருந்தேன். ஊமை வாடை வரவே இல்லை. அந்தக் காலத்தில் அவர்மேல் எனக்கிருந்த பிரியத்தை இப்போது சொன்னால் பொய் மாதிரி இருக்கும். மீன் துண்டில் நல்ல துண்டை அவர் தட்டில் வைப்பேன். அவர் சட்டையைத் துவைக்கும்போது காலரை இரண்டு தரம் தேய்ப்பேன்.

டாக்டர் ஐயா வந்தார். ஏணைத் துணியை மூக்கில் வைத்தார். இன்னொன்றை எடுத்தார். "இப்பதான் இது துணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதும். அந்த வாரம் முழுக்க நான் தலையை நிமிர்த்தித்தான் பீலிக்குப் போனேன்.

பிறகு ஒருநாள் காலையில் ஸ்டோர்க் காவல்காரர் பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்று, துரை என்னைக் கூட்டிவரச் சொன்னதாகச் சொன்னார். பிள்ளைகளைப் பக்கத்து லயத்துக் கிழவியிடம் விட்டுவிட்டுப் போனேன்.

ஸ்டோரின் முன்னறையில் நீளமான மேசை. வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். தேயிலை செய்வதைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் ஐயா மேசைக்குப் பின்னால் நின்றார். துரை நாற்காலியில் இருந்தார். என் வீட்டுக்காரர் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசையின் ஒரு முனையில், கோப்பைகளோடு கோப்பையாக, ஒரு இடுப்புத் துணி கிடந்தது. மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. சாக்குத் தட்டுக்குப் பின்னால் நழுவி விழுந்து கிடந்ததாம்.

டீமேக்கர் ஐயா ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"குடி."

எனக்கு விளங்கவில்லை. துரைக்கு முன்னால் நின்று தேத்தண்ணி குடிப்பதா? அவர் மறுபடியும், "குடி, குடிச்சிட்டு என்ன வாடைன்னு சொல்லு" என்றார்.

எங்களுக்குக் கிடைக்கிறது கழிவுத் தூள். ஸ்டோரில் செய்து கொழும்புக்குப் போகிற நல்ல தேயிலையை நான் அதுவரைக்கும் வாயில் வைத்ததே இல்லை. நிறம் தங்கமாக இருந்தது. ஒரு மிடறு குடித்தேன். நாக்குக்குத் தேயிலை தெரிந்தது. அதற்குப் பின்னால், தொண்டையிலிருந்து மூக்குக்கு ஏறி வந்தது ஆஸ்பத்திரி சவுக்காரம். என் பிள்ளைக்காம்பரா. என் கை மணம். துணி தன்னிடம் இருந்ததை எல்லாம் கொழுந்துக்குக் கொடுத்துவிட்டுச் சுத்தமாக வீட்டுக்கு வந்திருக்கிறது.

"சவுக்காரம்ங்க ஐயா" என்றேன்.

"கொழும்புல ருசி பார்க்கிற தொரைமாரும் அதேதான் சொல்றாங்க. பெட்டி பெட்டியா திரும்பி வரப்போவுது."

துரை துணியைக் காட்டி, என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். "மேல்மாடி உன்னோட பொறுப்பு. யார் போட்டது இது?"

நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றாக ஏச்சு வாங்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். அதில் எனக்குப் பயம்கூட இல்லை. ஒன்றாகச் செய்த காரியம்.

அவர் சொன்னார்: "எனக்குத் தெரியாதுங்க தொரை. சோறு கொண்டாந்தப்ப இவ மேல ஏறி விரிச்சிருப்பா போலங்க. நான் பாக்கலங்க."

சோறு. நான் ஒருநாளும் அவருக்கு ஸ்டோருக்குச் சோறு கொண்டுபோனதில்லை. அவர் கட்டிக்கொண்டுதான் போவார். அந்த ஒரு சொல்தான் என்னை அறுத்தது. திடீரென்று வாயில் வந்த பொய் இல்லை அது. வரும் வழியிலோ, சுவரோரம் நின்றபோதோ, என்னை எந்த வாசலால் உள்ளே கொண்டுவந்து விடலாம் என்று அவர் யோசித்திருக்கிறார்.

"அப்பிடியா?" என்று துரை என்னைக் கேட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பின்னால் என் மகள் பல தடவை கேட்டிருக்கிறாள். அவரைக் காப்பாற்ற நினைத்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் அது இல்லை. துரையும் டீமேக்கர் ஐயாவும் பார்த்துக்கொண்டிருக்க, புருசனோடு நீ, நான் என்று சண்டை பிடிக்கிற பொம்பளையாக நிற்க எனக்கு மனம் வரவில்லை. நான் அப்படிப்பட்டவள் இல்லை.

"ஆமாங்க தொரை" என்றேன். "துணி என்னோடதுதாங்க."

அன்றைக்கே பிள்ளைக்காம்பராச் சாவியை வாங்கிவிட்டார்கள். டாக்டர் ஐயா என்னைக் கூப்பிட்டு ஒன்றும் கேட்கவில்லை. வழியில் கண்டபோது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் பெரட்டுக்குக் கூடையோடு போய் நின்றேன்.

அன்று ராத்திரி அவருக்கு ஸ்டோர் வேலை இல்லை, வீட்டில் இருந்து பேசினார். நான் கேட்காமலே பேசினார்.

"இந்தா பாரு, ஒன்னய எடுத்தா மலைக்கு அனுப்புவாங்க. என்னய எடுத்தா பத்துச் சீட்டு குடுத்து தோட்டத்த விட்டே அனுப்பிருவாங்க. வேல போனா காம்பராவும் போயிரும். புள்ளைகள கூட்டிக்கிட்டு எங்க போறது? அத நெனச்சுத்தான் சொன்னேன்."

"சரி."

"என்ன சரி? நான் சொன்னதுல என்ன தப்பு?"

"கணக்கு சரிதாங்க. அத முந்தின நாளே என்கிட்ட சொல்லியிருக்கலாமே. துணி ஆப்பட்டது ஒங்களுக்கு முந்தின நாளே தெரியுமில்ல?"

அவர் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். தெரிந்திருக்கிறது.

"சொல்லியிருந்தா நானே போயி, நான்தான் போட்டேன்னு சொல்லியிருப்பேன். நீங்க கேட்டு நான் எத இல்லேன்னு சொன்னேன்? கேட்டிருந்தா குடுத்திருப்பேன். கேக்காம எடுத்துக்கிட்டீங்களே."

"பெருசா பேசுறா" என்று முணுமுணுத்துக்கொண்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பீலிக்குத் துணி எடுத்துப் போனபோது, அவருடைய சாரத்தையும் சட்டையையும் பிரித்து வாசலில் ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் போனேன். சண்டை போடவில்லை. சோறு ஆக்கினேன், வெந்நீர் வைத்தேன், காய்ச்சல் வந்தால் கஞ்சி கொடுத்தேன். அவர் துணியை மட்டும் தொடவில்லை. முதல் வாரம் மறந்துவிட்டேன் என்று நினைத்தார். அடுத்த வாரம் விளங்கிக்கொண்டார்.

எங்கள் தோட்டத்தில் பெண்டாட்டி இருக்கிற ஆம்பளை பீலியில் துணி துவைத்தால், அதைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது. அடுத்த காம்பராப் பெண் அவரைக் கண்டதும் குடத்தை இறக்கி வைத்துவிட்டாள்.

"என்னண்ணே, அக்காவுக்குக் கை சுளுக்கா?"

"ஆமா. சுளுக்கு."

"எண்ணெ போட்டு நீவி விடுறதுதானே?"

"அது நீவுற சுளுக்கு இல்ல. நீ தண்ணிய புடிச்சிட்டுப் போ."

அவளே வந்து என்னிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். என்னதான் நடந்தது என்று நோண்டினாள். நான் சொல்லவில்லை. துணி விசயத்தில் என்னைப் பற்றி லயம் என்ன பேசிக்கொண்டது என்று எனக்குத் தெரியும். தேயிலையைக் கெடுத்தவள், புருசன் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தவள். அதை மாற்ற ஒரே ஒரு ஆளால் முடியும். அவர் துரையிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை. யாராவது ஒருத்தரிடம், ஒரே ஒரு தடவை, 'அது நான் விரிச்ச துணி' என்று சொன்னால் போதும். பீலியில் நின்ற அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தால்கூடப் போதும், அவள் பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்கே சொல்லியிருப்பாள்.

வருசங்கள் போயின. தோட்டத்தை அரசாங்கம் எடுத்தது, துரைமார் மாறினார்கள். ஆயா வேலை அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. என் மகள் பெரியவளாகி, "அப்பாவோடத நான் தொவைக்கிறேம்மா" என்று எடுத்தாள். அதை நான் தடுக்கவில்லை. அவள் கல்யாணம் கட்டி அப்புத்தளைப் பக்கம் போனதும் மறுபடி அவரே துவைத்தார்.

டீமேக்கர் ஐயா வேலையை விட்டுப் போன நாள் நல்ல மழைக்காலம். ஸ்டோரில் அவருக்கு மாலை போட்டு, வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து, வாசலில் காலைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"இன்னைக்குச் சொல்லிரலாம்னு நெனச்சேன்."

எதை என்று நான் கேட்கவில்லை. அந்த ராத்திரிக்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான்.

"சொன்னீங்களா?"

"எங்க? ஒரே கூட்டமா இருந்திச்சு."

கூட்டத்தில் சொல்ல முடியாதாம். என்னைப் பற்றிச் சொன்னது தனியாகவா? துரை முன்னால், டீமேக்கர் ஐயா முன்னால், மேசை நிறையக் கோப்பைகள் முன்னால் சொன்னாரே, அப்போது நாக்கு புரண்டதே. இதை அவரிடம் கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் அவர் அதற்கும் ஒரு கணக்கு வைத்திருப்பார்.

"சாப்பிடுறீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"வட தின்னுட்டேன்" என்றார்.

அதற்குள் தூறல் போட ஆரம்பித்தது. கொடியில் இரண்டு பேரின் துணியும் கிடந்தது. நான் வெளியே போய் என் சேலையை எடுத்தேன், ரவிக்கையை எடுத்தேன், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அவருடைய சாரம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எடுப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் உள்ளே வந்து என் துணிகளை மடிக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்.